பழைய பாக்கெட் கேமராவுக்கு வீட்டிலேயே ரிமோட் ஷட்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் மொட்டைமாடியில் ஒரு மண் தட்டில் தண்ணீர் வைப்போம். தவிட்டுக்குருவிகள் கும்பலாக வந்து குளிக்கும். ஆள் தலை தெரிந்தால் போதும், பறந்துவிடும். அலமாரியில் கிடந்த கேனான் பவர்ஷாட் ஏ590 ஐஎஸ் கேமராவைத் தட்டுக்கு இரண்டடி தள்ளி வைத்துவிட்டு, மாடிப்படிக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு காலிங் பெல் ஸ்விட்சை அழுத்திப் படம் எடுக்கிறேன். படங்களைப் பார்த்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டதையெல்லாம் இங்கே சேர்த்துவைத்திருக்கிறேன்.

இதற்கெல்லாம் ரிமோட் வேண்டுமா? செல்ஃப் டைமர் போதாதா?

பலருக்குப் போதும். இரவில் கோபுரத்தை ட்ரைபாடில் வைத்து எடுக்கிறீர்கள், விரல் பட்டுக் கேமரா அசையக் கூடாது, அவ்வளவுதானே? 2 வினாடி டைமரை வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். இந்தப் பக்கத்தை மேற்கொண்டு படிக்கவே வேண்டாம். குருவி எப்போது தலையை முக்கும் என்று டைமருக்குத் தெரியாது. அந்த நொடியை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும், ஆனால் கேமராவுக்குப் பக்கத்தில் நிற்க முடியாது என்றால்தான் ரிமோட்.

என் கேமராவில் ரிமோட் மாட்ட ஓட்டையே இல்லையே?

கைக்கடக்கமான கேமராக்களில் பெரும்பாலும் இருக்காது. விதிவிலக்குகள் உண்டு. கேனானின் ஜி10, ஜி11, ஜி12 மூன்றிலும் 2.5 மில்லிமீட்டர் ஜாக் துளை இருக்கிறது. பெரிய கேமராவுக்கான ஆர்எஸ்-60இ3 ஒயர் ரிமோட் அதில் நேராகப் பொருந்தும். அந்த ஜாக்கின் நுனி ஷட்டர், நடு வளையம் ஃபோகஸ், அடிப்பகுதி பொது. நடுவையும் அடியையும் தொடவைத்தால் ஃபோகஸ் ஆகும், நுனியையும் சேர்த்தால் படம் விழும். இரண்டு ஸ்விட்சில் வேலை முடிந்தது. நிக்கானின் சில கூல்பிக்ஸ் மாடல்கள் எம்எல்-எல்3 என்ற சின்ன அகச்சிவப்பு ரிமோட்டுக்குக் கீழ்ப்படியும்.

உங்களுடையது இதில் எதுவும் இல்லையென்றால் மூன்று வழிகள். பவர்ஷாட்டாக இருந்தால் யூஎஸ்பி துளை வழியாக. வேறு எதுவாக இருந்தாலும் வெளியிலிருந்து பொத்தானை அமுக்கும் ஒரு செயற்கை விரல். கடைசி வழி, கேமராவைத் திறந்து உள்ளே சால்டர் வைப்பது. நான் மூன்றையும் செய்து பார்த்தவன். முதல் வழிக்குத்தான் என் ஓட்டு.

யூஎஸ்பி துளையில் பேட்டரியைக் கொடுத்தால் கேமரா எப்படிப் படம் எடுக்கும்?

சும்மா கொடுத்தால் எடுக்காது. கம்ப்யூட்டரில் மாட்டிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு படத்தை அனுப்பத் தயாராகிவிடும். ஆனால் பாருங்கள், அப்படி நினைக்கிறதென்றால் அந்தத் துளையில் 5 வோல்ட் வந்ததைக் கேமரா கவனித்திருக்கிறது. வெளியில் நடப்பதைக் கேமராவுக்குச் சொல்ல ஒரு ஒயர் ஏற்கெனவே இருக்கிறது. அந்தச் செய்தியைப் 'படம் எடு' என்று புரிந்துகொள்ள வைத்தால் போதும்.

அதைச் செய்வது சிஎச்டிகே என்ற இலவச மென்பொருள். ஆர்வலர்கள் சேர்ந்து கேனான் பவர்ஷாட்களுக்காக எழுதியது. கேனான் நிறுவனத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ரா படம் (கேமரா மெருகேற்றிச் சுருக்காத மூலப் படம்), இடைவெளி விட்டு எடுப்பது, சொந்த ஸ்கிரிப்ட் என்று அதில் நிறைய இருக்கிறது. நமக்கு வேண்டியது ஒன்றுதான்: யூஎஸ்பியில் மின்சாரம் வருவதையும் போவதையும் பார்த்து ஷட்டரை இயக்குவது.

அதைப் போட்டால் கேமரா கெட்டுப்போகாதா?

கேமராவுக்குள் எதுவும் எழுதப்படுவதில்லை. சிஎச்டிகே இருப்பது எஸ்டி கார்டில். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கார்டிலிருந்து தற்காலிக நினைவகத்துக்கு ஏறும், அணைத்தால் போய்விடும். கார்டைக் கழற்றினால் கேமரா கடையில் வாங்கிய அன்று இருந்ததுபோலவே இருக்கும். தப்பான பதிப்பைப் போட்டால் திரை கறுத்து அப்படியே நின்றுவிடலாம். பேட்டரியைக் கழற்றி, கார்டின் ஓரத்தில் உள்ள சின்ன லாக்கைத் திறந்துவிட்டு மாட்டுங்கள், பழையபடி ஓடும்.

எப்படி ஏற்றுவது?

இங்கேதான் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். மாடல் பெயர் மட்டும் தெரிந்தால் போதாது, உள்ளே இருக்கும் ஃபர்ம்வேர், அதாவது கேமராவை இயக்கும் கேனானின் மென்பொருள், அதன் பதிப்பு எண்ணும் தெரிய வேண்டும். ஏ590-லேயே 100இ என்றும் 101பி என்றும் இரண்டு உண்டு. ஒன்றுக்கானது இன்னொன்றில் ஓடாது.

கண்டுபிடிக்க: கார்டில் எந்தக் கோப்புறைக்குள்ளும் போகாமல் ஒரு வெற்றுக் கோப்பை வையுங்கள். அதன் பெயர் ஆங்கில எழுத்தில் வி, இ, ஆர், புள்ளி, ஆர், இ, க்யூ. கடைசியில் புள்ளி, டி, எக்ஸ், டி என்ற ஒட்டு ஒளிந்திருந்தால் வேலை செய்யாது. விண்டோஸ் அதை மறைத்துக் காட்டும், உஷார். படம் பார்க்கும் நிலையில் கேமராவை ஆன் செய்து, நடுவில் உள்ள செட் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி டிஸ்ப் பொத்தானை அழுத்தினால் எண் திரையில் வரும்.

இதெல்லாம் தலைவலி என்றால் ஸ்டிக் என்ற ஒரு ஜாவா நிரல் இருக்கிறது. அந்தக் கேமராவில் எடுத்த ஒரு படத்தை அதில் போட்டால் மாடலையும் பதிப்பையும் அதுவே கண்டுபிடித்து, சரியானதை இறக்கி, கார்டையும் தயார்செய்து கொடுத்துவிடும். கார்டில் இருக்கும் பழைய படங்கள் அழிந்துபோகும், முன்னாலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய மாடலுக்கு 2 ஜிபி கார்டுதான் சிக்கலில்லாதது. 4 ஜிபிக்கு மேல் போனால் சில மாடல்களுக்குக் கார்டை இரண்டு பகுதியாகப் பிரிக்க வேண்டியிருக்கும். கடைசியாக, கார்டின் ஓரத்தில் உள்ள சின்ன லாக்கைத் தள்ளிப் பூட்டுங்கள். 'பூட்டினால் படம் எப்படிப் பதியும்?' என்று எல்லோரும் கேட்பார்கள். பூட்டியிருப்பதைப் பார்த்துத்தான் கேமரா கார்டிலிருந்து சிஎச்டிகேவை எடுத்துக்கொள்கிறது. ஏறிய பிறகு கார்டு திறந்திருப்பதாகவே சிஎச்டிகே கேமராவிடம் சொல்லிவிடும். மைக்ரோ எஸ்டியை அடாப்டரில் போட்டு வைத்திருந்தாலும் பரவாயில்லை, லாக் அடாப்டரில் இருந்தால் போதும்.

என்னென்ன வாங்க வேண்டும்?

மினி யூஎஸ்பி கேபிள் ஒன்று. வீட்டில் தேடினால் கிடைக்கும்; பழைய எம்பி3 பிளேயரோடு வந்திருக்கும். மூன்று ஏஏ பேட்டரி வைக்கும் ஹோல்டர். அழுத்தினால் மட்டும் தொடும் ஸ்விட்ச், நான் போட்டது காலிங் பெல் ஸ்விட்ச். ஸ்பீக்கருக்குப் போடும் இரட்டை ஒயர், தேவையான நீளம். இன்சுலேஷன் டேப். சால்டரிங் அயர்ன் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் ஸ்க்ரூ வைத்த கனெக்டரில் முறுக்கிக்கொள்ளலாம். சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெருவில் எல்லாம் ஒரே நடையில் கிடைக்கும். மற்ற ஊர்களில் டிவி ரிப்பேர் செய்யும் கடைக்காரரிடம் கேளுங்கள். கேபிள் வீட்டில் இருந்ததால் எனக்கு இருநூறு ரூபாய்கூட ஆகவில்லை.

எப்படி இணைப்பது?

கேபிளில் கம்ப்யூட்டருக்குப் போகும் முனையை வெட்டிவிடுங்கள். உறையை உரித்தால் நான்கு ஒயர்: சிவப்பு 5 வோல்ட், கறுப்பு கிரவுண்ட், வெள்ளையும் பச்சையும் தகவலுக்கு. வெள்ளை, பச்சை இரண்டையும் தனித்தனியாக டேப் சுற்றி ஒதுக்கிவிடுங்கள், ஒன்றையொன்று தொடக் கூடாது. கறுப்பை பேட்டரியின் மைனஸில் இணையுங்கள். பேட்டரியின் பிளஸிலிருந்து ஸ்விட்ச், ஸ்விட்சிலிருந்து சிவப்பு. முடிந்தது.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். நான் வாங்கிய ஒரு மலிவுக் கேபிளில் சிவப்பும் கறுப்பும் இடம் மாறியிருந்தன. வெட்டுவதற்கு முன் கேபிளை ஒரு போன் சார்ஜரில் செருகி, மல்டிமீட்டரில்... இல்லை, அந்தச் சின்ன முனையில் மீட்டர் கம்பி நுழையாது. வெட்டிய பிறகு, துண்டாக வந்த பாதியைச் சார்ஜரில் செருகி அதன் ஒயர்களை அளந்து பாருங்கள். எந்த நிறத்தில் 5 வோல்ட் பிளஸ் வருகிறதோ அதுவே இந்தப் பாதியிலும் பிளஸ்.

ஏன் மூன்று பேட்டரி? 9 வோல்ட் பேட்டரி ஒன்று போட்டால் சின்னதாக இருக்குமே?

9 வோல்ட்டை அந்தத் துளையில் நேராகக் கொடுக்கவே கூடாது. யூஎஸ்பி என்பது 5 வோல்ட் சமாச்சாரம். 9 வோல்ட்தான் வேண்டுமென்றால் நடுவில் ஒரு 7805 ஐசி போட்டு 5 ஆகக் குறைத்துக்கொள்ளுங்கள். மூன்று சாதாரண ஏஏ என்றால் 4.5 வோல்ட், எந்த ஐசியும் வேண்டாம். நான்கு போடாதீர்கள், புதிதாக இருக்கும்போது 6-ஐத் தாண்டும். ரீசார்ஜ் பேட்டரி ஒவ்வொன்றும் 1.2 வோல்ட்தான், அதில் நான்கு போடலாம்.

பவர் பேங்கில் ஒரு தொல்லை. கேமரா இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு. போன் எதுவும் மாட்டவில்லை என்று நினைத்துப் பவர் பேங்க் சற்று நேரத்தில் தானாக அணைந்துவிடும். குருவி வரும் நேரம் பார்த்து அணையும்.

கேமராவில் என்ன மாற்ற வேண்டும்?

ஏ590-ல் பிரின்ட் பொத்தானை அழுத்தினால் திரையின் அடியில் 'ஆல்ட்' என்று வரும். பிறகு மெனு. அதில் ரிமோட் பாராமீட்டர்ஸ் பகுதிக்குப் போய் 'எனேபிள் ரிமோட்' என்பதை ஆன் செய்யுங்கள். ஸ்விட்ச் வகை ஒன்புஷ், கன்ட்ரோல் மோட் நார்மல். ஆல்ட்டிலிருந்து வெளியே வந்து கேபிளைச் செருகி அழுத்திப் பாருங்கள்.

இதோடு நிற்க மனமில்லாதவர்களுக்கு ஸ்கிரிப்ட் இருக்கிறது. பள்ளியில் பேசிக் படித்தவர்களுக்கு அதன் யூபேசிக் மொழி அரை மணி நேரத்தில் வந்துவிடும். 'கெட் யூஎஸ்பி பவர்' என்ற கட்டளை, பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்திப் பிடித்தீர்கள் என்பதை 10 மில்லிவினாடி கணக்கில் எண்ணாகத் தரும். அரை வினாடி பிடித்து விட்டால் 50. இதை வைத்து, சட்டென்று அழுத்தி விட்டால் ஒரு படம், ஒரு வினாடிக்கு மேல் பிடித்தால் ஸூம் என்று பிரிக்கலாம். ஒரே ஒரு ஸ்விட்ச், இரண்டு வேலை. இந்த இடத்தில்தான் எனக்கு இந்த விளையாட்டு பிடித்துப்போனது.

அழுத்துகிறேன், ஒன்றும் நடக்கவில்லை.

திரை அணைந்து படம் பார்க்கும் நிலைக்குப் போகிறதா? அப்படியானால் மின்சாரம் சரியாகப் போகிறது, 'எனேபிள் ரிமோட்' ஆன் ஆகவில்லை. எதுவுமே அசையவில்லையா? ஒயரில் பாருங்கள்: பேட்டரி, சால்டர், ஸ்விட்ச். பேட்டரி பலவீனமானால் சில கேமராக்கள் 3 வோல்ட்டைக் கண்டுகொள்ளாது. ஸ்கிரிப்ட் போட்டிருந்தால் அது ஓடுகிறதா என்று பாருங்கள். ஆல்ட் நிலையில் ஷட்டரை ஒருமுறை முழுதாக அழுத்தினால்தான் ஓடத் தொடங்கும்.

இதற்கு நேர்மாறான புகாரும் வரும்: 'கம்ப்யூட்டரில் மாட்டினால் படம் ஏற மறுக்கிறது.' ரிமோட்டை ஆன் செய்தபடியே விட்டுவிட்டீர்கள். அணைத்துவிட்டு மாட்டுங்கள்.

ஒயர் எவ்வளவு நீளம் போகலாம்?

இழுக்கும் மின்சாரம் சொற்பம் என்பதால் வழியில் வோல்ட்டேஜ் இழப்பும் சொற்பம். அரை சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் 20 மீட்டர், போகவர இரண்டு இழை, மொத்தத் தடையே ஒன்றரை ஓம் அளவுதான். நான் இருபது மீட்டர் வரை போயிருக்கிறேன், ஒரு பிசகும் இல்லை.

நூறாண்டுக்கு முன்பே இதைவிடப் பெரிய அளவில் செய்திருக்கிறார்கள். 1888-ல் பிரான்சில் ஆர்தர் பாட்டு என்பவர் பட்டத்தில் கேமராவைக் கட்டிப் பறக்கவிட்டு, மெதுவாக எரியும் திரியால் ஷட்டரை இயக்கினார். திரி எப்போது எரிந்து முடிகிறதோ அப்போது படம்; நம் டைமர் மாதிரி. 1906-ல் ஜார்ஜ் லாரன்ஸ் அமெரிக்காவில் ஒரு படி மேலே போனார். நிலநடுக்கத்தில் இடிந்துகிடந்த சான் பிரான்சிஸ்கோவைப் படமெடுக்க, சுமார் 22 கிலோ எடையுள்ள கேமராவைப் பட்டங்களின் வரிசையில் 2,000 அடி உயரத்துக்குத் தூக்கி, கீழிருந்து ஒயர் வழியாக மின்சாரம் அனுப்பி ஷட்டரைத் தட்டினார். பேட்டரி, ஒயர், ஸ்விட்ச். நம்முடையதும் அதேதான்.

ஒயரே இல்லாமல் முடியாதா?

முடியும். கேட் திறக்க விற்கும் சாவிக்கொத்து ரிமோட்டும் ரிலே (மின்சாரத்தால் தானாகத் தொட்டு விலகும் ஸ்விட்ச்) வைத்த ரிசீவர் பலகையும் கடைகளில் கிடைக்கும். ஸ்விட்ச் இருந்த இடத்தில் ரிலேயின் இரண்டு முனைகளை இணைத்துவிடுங்கள். அழுத்தும்வரை மட்டும் தொடும் வகையா என்று கேட்டு வாங்குங்கள். ஒருமுறை அழுத்தினால் ஆன், மறுமுறை ஆஃப் என்பது நமக்கு உதவாது. ஆர்டுயினோ என்ற, நிரல் எழுதி இயக்கும் சின்னப் பலகை வைத்திருப்பவர்கள் அதன் ஒரு பின்னிலிருந்தே 5 வோல்ட் கொடுக்கலாம், கிரவுண்டைச் சேர்க்க மறக்காதீர்கள்.

ரிலே 'டக்' என்று சத்தம் போடும். தவிட்டுக்குருவி அதைக் கேட்டுத் தலையைத் தூக்குகிறது. நான் ஒயருக்கே திரும்பிவிட்டேன்.

என்னுடையது கேனான் இல்லை. எனக்கு வழி?

இரண்டு 5 மில்லி சிரிஞ்ச், நடுவில் மீன் தொட்டிக்குப் போடும் காற்றுக்குழாய், உள்ளே தண்ணீர். பள்ளி அறிவியல் கண்காட்சியில் ஜேசிபி பொம்மை செய்வார்களே, அதே வித்தை. ஒரு சிரிஞ்சைக் கேமராவுக்கு மேல் ஒரு எல் வடிவத் தகட்டில் கட்டி, அதன் தண்டு ஷட்டர் பொத்தான்மேல் இறங்கும்படி வையுங்கள். கையில் இருப்பதை அமுக்கினால் அங்கே இறங்கும். குழாயில் காற்றுக் குமிழி இருந்தால் பஞ்சை அமுக்குவதுபோல் இருக்கும், வாளித் தண்ணீருக்குள் வைத்தே முழுக் குமிழியையும் வெளியேற்றிவிட்டு மாட்டுங்கள். கேமரா பக்கம் ஒழுகாமல் இருக்கிறதா என்று ஒரு மணி நேரம் காகிதத்தின்மேல் வைத்துப் பார்ப்பது நல்லது.

சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சர்வோ மோட்டாரில் ஒரு கை வைத்து அமுக்குபவர்களும் உண்டு. ஆனால் பாதி அழுத்தி ஃபோகஸ், பிறகு முழுதாக அழுத்திப் படம் என்ற இரண்டு கட்டத்தை சிரிஞ்சில் கட்டைவிரலே உணரும். சர்வோவுக்குக் கோணம் கோணமாகச் சொல்லித்தர வேண்டும்.

அந்தத் தகட்டைக் கேமராவில் எப்படிப் பிடிப்பிப்பது?

கேமராவின் அடியில் ட்ரைபாட் துளை இருக்கிறது: கால் இன்ச், இன்ச்சுக்கு 20 மரை. ஹார்டுவேர் கடையில் 'கால் இன்ச் போல்ட்' என்று கேட்டால் கிடைப்பது பொதுவாகப் பொருந்தும். 6 எம்எம் போல்ட் பார்வைக்கு அதே தடிமன், ஆனால் மரை வேறு. முறுக்கி ஏற்றினால் கேமராவின் மரை போய்விடும். போல்ட் நீளமாக இருந்தால் வாஷர் போடுங்கள். துளையின் ஆழம் கொஞ்சம்தான்.

கேமராவைத் திறந்து ஷட்டர் ஸ்விட்சிலேயே ஒயர் வைத்துவிட்டால்?

வேண்டாம். ஃபிளாஷுக்கான கெப்பாசிட்டர் உள்ளே சுமார் 300 வோல்ட்டைச் சேமித்து வைத்திருக்கும். பேட்டரியைக் கழற்றிய பிறகும் அது அங்கேயே இருக்கும். நான் ஒரு பழைய கேமராவைத் திறந்தபோது அதன் கால்களில் விரல் பட்டது. ஸ்க்ரூ டிரைவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கேமராவும் அன்றோடு சரி. மீறித் திறப்பவர்கள் அந்தக் கெப்பாசிட்டரை ஒரு ரெசிஸ்டர் வழியாக வெறுமையாக்கி, மீட்டரில் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.

அழுத்திய பிறகு தாமதமாகப் படம் விழுகிறது. குருவி போய்விடுகிறது.

ஒயரில் குறை இல்லை, கேமரா ஃபோகஸ் தேடிக்கொண்டிருக்கிறது. தட்டின் விளிம்பில் ஒரு கூழாங்கல்லை வைத்து அதன்மேல் ஃபோகஸ் செய்து, கையால் பூட்டிவிடுங்கள். ஃபிளாஷை அணையுங்கள். சிஎச்டிகேயில் சிங்க் என்ற வசதியை ஆன் செய்தால், அழுத்தியிருக்கும்வரை கேமரா தயாராகக் காத்திருந்து, விட்டவுடன் எடுக்கும். வில்லை இழுத்துப் பிடித்துக்கொண்டு இருப்பதுபோல. இரண்டு கேமராக்களை ஒரே ஸ்விட்சில் கட்டி முப்பரிமாணப் படம் எடுப்பவர்கள் நம்பியிருப்பதும் இந்த வசதியைத்தான்.

கேமரா பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது.

தானாக அணையும் வசதியை நிறுத்தி வைத்திருப்பீர்கள், நிறுத்தத்தான் வேண்டும், இல்லாவிட்டால் காத்திருக்கும்போதே லென்ஸ் உள்ளே போய்விடும். தின்பது திரை. டிவிக்குப் போகும் ஏவி துளையில் எந்த ஒயரும் இல்லாத ஒரு வெற்றுப் பின்னைச் செருகுங்கள். டிவியில் மாட்டிவிட்டார்கள் என்று நினைத்துக் கேமரா திரையை அணைத்துவிடும்.

நிமிடத்துக்கு ஒன்று என்று தானாக எடுக்க 555 என்ற டைமர் ஐசியை வைத்துச் சர்க்யூட் கட்டலாமா?

ஆசைக்குக் கட்டலாம். சிஎச்டிகேயில் அதற்கான ஸ்கிரிப்டே இருக்கிறது. கட்டியே தீர்வேன் என்றால் சிமாஸ் வகை 555 வாங்குங்கள். பழைய என்இ555 தரும் வெளியீடு கொடுத்த வோல்ட்டேஜைவிட ஒன்றரை வோல்ட் அளவு குறைந்துவிடும், 4.5 கொடுத்தால் 3 தான் மிஞ்சும்.

கேமராவைப் பார்த்துக் குருவி பயப்படாதா?

பயப்படும். கூட்டுக்குப் பக்கத்தில் மட்டும் எதையும் வைக்காதீர்கள். தாய்ப்பறவை திரும்பாமல் போகலாம். தண்ணீர்த் தட்டு, தீனித் தட்டு என்றால் பரவாயில்லை. நான் கேமரா வைக்கும் இடத்தில் முதலில் அதே அளவுள்ள ஒரு காலி சோப்பு டப்பாவைக் கறுப்பு டேப் சுற்றி வைத்தேன். முதல் நாள் ஒன்றும் பக்கத்தில் வரவில்லை. இரண்டாம் நாள் தட்டுக்கு வந்தன. மூன்றாம் நாள் ஒன்று அந்த டப்பாமேலேயே உட்கார்ந்து எச்சம் போட்டுவிட்டுப் போனது. மறுநாள் காலை டப்பாவை எடுத்துவிட்டுக் கேமராவை வைத்தேன், மேலே ஒரு பிளாஸ்டிக் உறை போட்டு.